ராபின் கிப்பும் பீ ஜீஸ் குழுவும்

ராபின் ஹியூ கிப் (டிசம்பர் 22, 1949 – மே 20, 2012) பிரித்தானியப் பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர். அண்ணன் பாரி கிப், இரட்டைத் தம்பி மாரிஸ் கிப் ஆகியோருடன் 'பீ ஜீஸ்' என்ற குடும்ப பாப் இசைக்குழுவில் நாற்பதாண்டுகளுக்கும் மேலாகப் பாடினார். 1960-களில் இக்குழுவின் முதன்மைக் குரல்களில் ஒன்று ராபினுடையது. 1970-களின் நடுவில் குழு டிஸ்கோ இசைக்கு மாறியபோது பாரியின் உச்சக்குரல் முன்னுக்கு வந்தது. ராபின் பாடலாசிரியராகவும் துணைக்குரலாகவும் அதே குழுவில் தொடர்ந்தார். அண்ணன் தம்பிகளுக்குள் யார் முன்னால் நின்று பாடுவது என்ற கேள்வி அவருடைய இசை வாழ்க்கையின் பல திருப்பங்களுக்குக் காரணமாக இருந்தது.

பிறப்பு, குடும்பம்

ராபின் கிப், அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடைப்பட்ட கடலில் உள்ள மேன் தீவின் தலைநகரான டக்ளஸில் பிறந்தார். அவர் பிறந்து 35 நிமிடங்களுக்குப் பின் மாரிஸ் பிறந்தார். தந்தை ஹியூ கிப் டிரம்ஸ் வாசிப்பவர். விடுதிகளில் நடன இசைக்குழு நடத்திவந்தார். தாய் பார்பரா திருமணத்துக்கு முன் நடன இசைக்குழுக்களில் பாடியவர். மூத்தவர் லெஸ்லி என்ற அக்கா. அடுத்தவர் 1946-ல் பிறந்த பாரி. கடைசித் தம்பி ஆண்டி 1958-ல் பிறந்தார்.

1955-ல் குடும்பம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சிறுவர்கள் மூவரும் அண்டைவீட்டு நண்பர்களுடன் சேர்ந்து 'ராட்டில்ஸ்னேக்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினர். ஒரு திரையரங்கின் இடைவேளையில் இசைத்தட்டை ஓடவிட்டு வாயசைக்கத் திட்டமிட்டிருந்ததாகவும், போகும் வழியில் தட்டு கீழே விழுந்து உடைந்ததால் சொந்தக் குரலிலேயே பாட நேர்ந்ததாகவும் சகோதரர்கள் பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். தங்கள் இசை வாழ்க்கையின் தொடக்கமாக அவர்கள் கருதியது அந்த நாளைத்தான்.

ஆஸ்திரேலிய ஆண்டுகள்

வறுமையில் இருந்த குடும்பம் 1958-ல் கப்பலேறி ஆஸ்திரேலியா சென்றது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பிரிஸ்பேனுக்கு வடக்கே உள்ள ரெட்கிளிஃப் என்ற கடற்கரை ஊரில் குடியேறியது. அங்கிருந்த கார்ப் பந்தயத் திடலில், பந்தயங்களுக்கு இடையே சகோதரர்கள் பாடினர். கூட்டத்தினர் எறிந்த காசுகளை ஓடுபாதையில் இறங்கிப் பொறுக்கிக்கொண்டனர். பந்தய அமைப்பாளர் பில் கூட், அவர்களை வானொலி அறிவிப்பாளர் பில் கேட்ஸுக்கு அறிமுகம் செய்தார். பில் கூட், பில் கேட்ஸ், பாரி கிப் ஆகிய பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகள் ஒன்றாக இருந்ததால் 'பீ ஜீஸ்' என்ற பெயர் அமைந்தது. 'கிப் சகோதரர்கள்' என்பதன் சுருக்கமாக அது பின்னர் புரிந்துகொள்ளப்பட்டது.

1963-ல் சிட்னியில் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அப்போது ராபினுக்கு வயது 13. அடுத்த மூன்றாண்டுகளில் வெளிவந்த தட்டுகள் பெரும்பாலும் விற்கவில்லை. இரவு விடுதிகளிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் பாடிய வருமானமே குடும்பத்துக்கு ஆதாரமாக இருந்தது. மூவரும் பள்ளிப்படிப்பை முடிக்கவில்லை. முறையான இசைப்பயிற்சியும் பெறவில்லை. அவர்களுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. மூன்று குரல்களும் ஒன்றோடொன்று இழையும் இசைவைப் பாடிப் பாடியே கண்டுகொண்டனர்.

1966-ல் வெளிவந்த 'ஸ்பிக்ஸ் அண்ட் ஸ்பெக்ஸ்' ஆஸ்திரேலியாவில் அவர்களுக்கு முதல் பெரிய வெற்றியைத் தந்தது. ஆனால் அதற்குள் குடும்பம் இங்கிலாந்து திரும்ப முடிவெடுத்துவிட்டது. 1967 ஜனவரியில் அவர்கள் கப்பலேறினர்.

லண்டனில் முதல் வெற்றி

ஹியூ கிப், தன் மகன்களின் பதிவுகளை லண்டனில் பீட்டில்ஸ் குழுவின் மேலாளரான பிரயன் எப்ஸ்டீனின் நிறுவனத்துக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தார். அங்கே பணியாற்றிய ராபர்ட் ஸ்டிக்வுட் அவற்றைக் கேட்டார். சவில் அரங்கில் நடந்த குரல் தேர்வுக்குப் பின் குழுவை ஒப்பந்தம் செய்துகொண்டார். வின்ஸ் மெலோனி கித்தார் வாசிப்பவராகவும் காலின் பீட்டர்சன் டிரம்ஸ் வாசிப்பவராகவும் சேர்ந்தனர்.

1967-ல் வெளிவந்த 'நியூயார்க் மைனிங் டிசாஸ்டர் 1941' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதல் இருபது இடங்களுக்குள் வந்தது. சுரங்கத்துள் சிக்கிக்கொண்ட ஒருவரின் கூற்றாக அமைந்த பாடல் அது. 1966 அக்டோபரில் வேல்ஸின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பள்ளிக் குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்த துயரமே அப்பாடலுக்குத் தூண்டுதல் என்று ராபின் பின்னாளில் கூறினார்.

அதே ஆண்டு அக்டோபரில் 'மாசசூசெட்ஸ்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. இதில் முதன்மைக் குரல் ராபினுடையது. அந்த மாநிலத்தை அதுவரை நேரில் பார்க்காமலேயே சகோதரர்கள் இப்பாடலை எழுதியிருந்தனர். ராபினுக்கு அப்போது 18 வயதுகூட நிறையவில்லை.

ஹிதர் கிரீன் ரயில் விபத்து

1967 நவம்பர் 5 இரவு, ஹேஸ்டிங்ஸிலிருந்து லண்டன் நோக்கி வந்த ரயில் ஹிதர் கிரீன் அருகே தண்டவாளம் முறிந்து தடம் புரண்டது. 49 பேர் இறந்தனர். ராபினும் அவர் பின்னர் மணந்துகொண்ட காதலியும் அந்த ரயிலில் பயணம் செய்தனர். இருவரும் பெரிய காயமின்றித் தப்பினர். கவிழ்ந்த பெட்டிகளிலிருந்து மற்றவர்களை வெளியேற்ற ராபின் உதவினார்.

இந்த விபத்தின் நினைவு அவரை நெடுநாள் விடவில்லை. சாவை அருகிலிருந்து பார்ப்பவர்களின் குரலில் பாடல் எழுதுவதில் அவருக்கு முன்பே நாட்டம் இருந்தது. 1968-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த 'ஐவ் காட்டா கெட் எ மெசேஜ் டு யூ', மரண தண்டனைக்குக் காத்திருக்கும் ஒருவன் தன் மனைவிக்குச் செய்தி அனுப்பத் துடிப்பதைச் சொல்வது. அதே ஆண்டு வெளிவந்த 'ஐ ஸ்டார்ட்டட் எ ஜோக்' ராபினின் தனிக்குரலில் அமைந்தது. அமெரிக்காவில் முதல் பத்து இடங்களுக்குள் வந்த அப்பாடல் அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது.

1969: பிரிவு

1969 தொடக்கத்தில் 'ஒடெசா' என்ற இரட்டை இசைத்தட்டுத் தொகுப்பு வெளிவந்தது. சிவப்பு வெல்வெட் உறையுடன் வந்த இத்தொகுப்பின் தலைப்புப் பாடல் ஏழு நிமிடங்களுக்கும் மேல் நீள்வது. அதை ராபின் பாடியிருந்தார். தொகுப்பிலிருந்து எந்தப் பாடலைத் தனித்தட்டாக வெளியிடுவது என்பதில் சிக்கல் எழுந்தது. ராபின் பாடிய 'லேம்ப்லைட்', பாரி பாடிய 'ஃபர்ஸ்ட் ஆஃப் மே' ஆகிய இரண்டில் ஸ்டிக்வுட் பாரியின் பாடலை முன்பக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தார். ராபினின் பாடல் பின்பக்கத்துக்குப் போனது.

பாரிதான் குழுவின் முகமாக முன்னிறுத்தப்படுகிறார் என்ற மனக்குறை ராபினுக்கு ஏற்கனவே இருந்தது. 1969 மார்ச்சில் அவர் குழுவைவிட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 19. சகோதரர்கள் நேரில் பேசிக்கொள்வதை நிறுத்தினர். ஒருவர்மீது ஒருவர் சொன்ன குறைகள் இசை இதழ்களில் வாராவாரம் அச்சாகின. இருபத்தொரு வயது நிறையாத மகனைச் சட்டத்தின் வழியே தங்கள் பொறுப்பில் கொண்டுவரப் பெற்றோர் முயல்வதாகவும் செய்தி வந்தது.

ராபினின் முதல் தனித்தட்டான 'சேவ்ட் பை தி பெல்' 1969 கோடையில் பிரிட்டனில் இரண்டாம் இடம்வரை சென்றது. தாளத்துக்கு மின்னணு டிரம் கருவியைப் பயன்படுத்திய தொடக்ககால பாப் பாடல்களில் இதுவும் ஒன்று. பின்னர் வந்த 'ராபின்ஸ் ரெயின்' தொகுப்பு அந்த வெற்றியைப் பெறவில்லை. 'சிங் ஸ்லோலி சிஸ்டர்ஸ்' என்ற இரண்டாம் தொகுப்பைப் பதிவுசெய்தபோதிலும் அது அப்போது வெளியாகவில்லை. அவர் மறைந்தபின் 2015-ல்தான் அந்தப் பதிவுகள் முறையாக வெளிவந்தன.

எஞ்சிய பாரியும் மாரிஸும் 1969 இறுதிக்குள் தாங்களும் பிரிந்தனர்.

மீண்டும் இணைதல்

1970-ல் ராபினும் மாரிஸும் முதலில் பேசத் தொடங்கினர். பின் பாரியும் சேர்ந்துகொண்டார். இணைந்தபின் வந்த 'லோன்லி டேஸ்' அமெரிக்காவில் மூன்றாம் இடம் பிடித்தது. ராபினும் பாரியும் எழுதிய 'ஹவ் கேன் யூ மெண்ட் எ புரோக்கன் ஹார்ட்' 1971 ஆகஸ்டில் அமெரிக்காவில் அவர்களுடைய முதல் முதலிடப் பாடலாயிற்று. உடைந்த மனத்தை எப்படிச் சேர்ப்பது என்று கேட்கும் அப்பாடலை ராபின் தொடங்க, பாரி தொடர்கிறார். பிரிந்திருந்த இருவரும் ஒரே பாடலைப் பங்கிட்டுக்கொண்ட இந்த அமைப்பு பின்னாளிலும் அவர்கள் விரும்பிக் கையாண்டதாக இருந்தது.

ஆனால் அடுத்த மூன்றாண்டுகளில் விற்பனை படிப்படியாகச் சரிந்தது. 1974 அளவில் வட இங்கிலாந்தின் இரவு விடுதிகளில் சாப்பாட்டு மேசைகளுக்கு முன் பாடும் நிலைக்குக் குழு வந்திருந்தது.

மயாமி, டிஸ்கோ

எரிக் கிளாப்டனின் யோசனைப்படி 1975-ல் குழு அமெரிக்காவின் மயாமிக்குச் சென்றது. தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின், கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் புளூஸ் இசையை நோக்கி அவர்களைத் திருப்பினார். பாலத்தின் இணைப்புகள்மீது கார் ஏறி இறங்கும் ஓசையின் தாளத்தில் பிறந்தது 'ஜைவ் டாக்கின்'. அது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. 'நைட்ஸ் ஆன் பிராட்வே' பதிவின்போது மார்டின் கேட்டுக்கொள்ள, பாரி உச்சக்குரலில் பாடிப்பார்த்தார். பீ ஜீஸ் என்றாலே அந்தக் குரல்தான் என்று உலகம் பின்னர் நினைத்தது.

1977-ல் பாரிஸுக்கு அருகிலுள்ள ஒரு பழைய மாளிகையின் ஒலிப்பதிவுக்கூடத்தில், ஸ்டிக்வுட் தயாரித்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்துக்கான பாடல்களைச் சகோதரர்கள் உருவாக்கினர். 'ஹவ் டீப் இஸ் யுவர் லவ்', 'ஸ்டேயின் அலைவ்', 'நைட் ஃபீவர்' மூன்றும் அமெரிக்காவில் அடுத்தடுத்து முதலிடம் பெற்றன. தொடர்ந்து 1978-79-ல் வந்த 'டூ மச் ஹெவன்', 'டிராஜடி', 'லவ் யூ இன்சைட் அவுட்' ஆகியவையும் முதலிடம் பெற்றன. இவ்வாறு ஆறு தனித்தட்டுகள் தொடர்ச்சியாக முதலிடம் பெற்றன. 'டூ மச் ஹெவன்' பாடலின் வருமானத்தை யூனிசெஃப் அமைப்புக்கு வழங்கினர். படத்தின் இசைத்தொகுப்பு ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது.

இப்பாடல்கள் அனைத்தையும் மூவரும் சேர்ந்தே எழுதினர். ராபின் சொற்களிலும் மெட்டின் திருப்பங்களிலும் பங்களித்தார். ஆனால் இக்காலத் தட்டுகளில் அவர் முதன்மைக் குரலாகப் பாடியவை மிகச் சில. எட்டாண்டுகளுக்கு முன் எந்தக் காரணத்துக்காக வெளியேறினாரோ அதே நிலைமை இப்போது முன்பைவிட அழுத்தமாக அமைந்தது. இம்முறை அவர் வெளியேறவில்லை. மூன்று குரல்கள் அடுக்காகச் சேரும் இசைவில் ராபினின் குரல் இல்லாவிட்டால் பீ ஜீஸ் ஒலி அமையாது என்பதைச் சகோதரர்கள் மூவரும் அறிந்திருந்தனர்.

எதிர்ப்பும் மறைவான பணியும்

டிஸ்கோ இசைக்கு அமெரிக்காவில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கமிஸ்கி பார்க் பேஸ்பால் அரங்கில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். கூட்டம் திடலுக்குள் புகுந்ததால் அன்றைய இரண்டாவது ஆட்டம் நடக்கவில்லை. சில வானொலி நிலையங்கள் பீ ஜீஸ் பாடல்களே இல்லாத வார இறுதிகளை அறிவித்தன. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், ஒருபாலீர்ப்பினர் ஆகியோரிடையே வளர்ந்த இசைமீதான வெறுப்பும் இதில் கலந்திருந்தது என்பது பல இசை வரலாற்றாளர்களின் கருத்து. அவ்வெறுப்பின் கண்ணுக்குத் தெரிந்த இலக்காக மூன்று வெள்ளைக்காரச் சகோதரர்கள் ஆனார்கள்.

சொந்தக் குரலில் பாடினால் வானொலி ஒலிபரப்பாத நிலையில் சகோதரர்கள் பிறருக்குப் பாடல் எழுதினர். பாரியும் ராபினும் எழுதிய 'வுமன் இன் லவ்' 1980-ல் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் குரலில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பெற்றது. டியான் வார்விக் பாடிய 'ஹார்ட்பிரேக்கர்', கென்னி ரோஜர்ஸும் டாலி பார்ட்டனும் பாடிய 'ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்', டயானா ராஸ் பாடிய 'செயின் ரியாக்‌ஷன்' ஆகியவை மூவரின் கூட்டுப் படைப்புகள். ராபின் தனியாக, குழுவின் கீபோர்டு கலைஞர் புளூ வீவருடன் சேர்ந்து ஜிம்மி ரஃபினுக்காக 'ஹோல்ட் ஆன்' என்ற வெற்றிப் பாடலை எழுதித் தயாரித்தார்.

1983-ல் ராபின் வெளியிட்ட தனிப்பாடலான 'ஜூலியட்' ஜெர்மனியில் முதலிடம் பெற்றது. அமெரிக்கா புறக்கணித்த ஆண்டுகளில் ஐரோப்பா அவரைக் கைவிடவில்லை. 1987-ல் பீ ஜீஸின் 'யூ வின் அகெய்ன்' பிரிட்டனில் முதலிடம் பெற்றது. 1960-கள், 70-கள், 80-கள் என மூன்று பத்தாண்டுகளிலும் அங்கே முதலிடம் பெற்ற முதல் குழு என்ற பெயர் அவர்களுக்குக் கிடைத்தது.

தம்பிகளின் மறைவு

தனிப்பாடகராகப் பெரும்புகழ் பெற்றிருந்த கடைசித் தம்பி ஆண்டி, போதைப்பழக்கத்தாலும் மனச்சோர்வாலும் நலிந்து, 1988 மார்ச் 10 அன்று இதயத்தசை அழற்சியால் இறந்தார். அதற்கு ஐந்து நாள் முன்புதான் அவருக்கு 30 வயது நிறைந்திருந்தது. பீ ஜீஸ் குழுவில் நான்காமவராக ஆண்டியைச் சேர்த்துக்கொள்ளும் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது.

1997-ல் பீ ஜீஸ் குழு அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றது. 2001-ல் வெளியான 'திஸ் இஸ் வேர் ஐ கேம் இன்' மூவரும் சேர்ந்து பாடிய கடைசித் தொகுப்பு.

2003 ஜனவரி 12 அன்று மாரிஸ், குடல் முறுக்கத்துக்கான அறுவைச் சிகிச்சையை ஒட்டி மயாமி மருத்துவமனையில் 53 வயதில் இறந்தார். பாரிக்கும் ராபினுக்கும் இடையே பிணக்கு வரும்போதெல்லாம் சமாதானம் செய்துவைத்தவர் மாரிஸ். குழுவின் பெரும்பாலான இசைக்கருவிகளை வாசித்தவரும் அவரே. ராபினின் 'மேக்னட்' என்ற தனித்தொகுப்பு அதே மாதம் வெளிவந்தது. இரட்டைச் சகோதரரின் சாவைத் தன்னால் ஏற்கவே முடியவில்லை என்று ராபின் பிற்காலப் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்னார். பீ ஜீஸ் என்ற பெயரை அத்துடன் நிறுத்திவிடுவதாக இருவரும் முதலில் அறிவித்தனர். மூவருக்கும் வழங்கப்பட்ட சி.பி.இ. விருதை 2004-ல் பக்கிங்ஹாம் அரண்மனையில் பெற்றபோது, மாரிஸின் விருதை அவர் மகன் வாங்கிக்கொண்டார்.

இறுதி ஆண்டுகள்

ராபின் 2007 முதல் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் ஆகியோரின் உரிமைகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான சிசாக்கின் தலைவராக இருந்தார். இரண்டாம் உலகப்போரில் உயிரிழந்த பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப்படையினர் 55,573 பேருக்கு லண்டனில் நினைவிடம் எழுப்புவதற்காக நிதி திரட்டினார். 2012 ஜூன் 28 அன்று அரசி இரண்டாம் எலிசபெத் அந்நினைவிடத்தைத் திறந்துவைத்தபோது ராபின் உயிருடன் இல்லை.

2010-ல் ராபினுக்கும் குடல் அடைப்புக்காக அறுவைச் சிகிச்சை நடந்தது. பின்னர் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. டைட்டானிக் கப்பல் மூழ்கியதன் நூற்றாண்டை ஒட்டி, மகன் ராபின்-ஜானுடன் இணைந்து 'டைட்டானிக் ரெக்வியம்' என்ற செவ்வியல் இசைப்படைப்பை உருவாக்கினார். 2012 ஏப்ரல் 10 அன்று ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு லண்டனில் அதை அரங்கேற்றியது. ராபின் மருத்துவமனையில் இருந்ததால் அதைக் கேட்க வரவில்லை. சில நாட்களில் நிமோனியாவால் நினைவிழந்து, பின் நினைவு திரும்பினார். மே 20 அன்று 62-ஆம் வயதில் லண்டனில் காலமானார். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் அவர் வாழ்ந்த தேம் என்ற ஊரின் புனித மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தம்பிகள் மூவரையும் இழந்து எஞ்சிய பாரி அங்கே இரங்கலுரை ஆற்றினார்.

குரலும் பாடும் முறையும்

ராபினின் குரல் மெலிந்தது, மூக்கொலி கலந்தது. நீட்டிப் பாடும் சொற்களில் விரைவான நடுக்கம் தெரியும். மேடையில் ஒரு கையால் காதை மூடியபடி பாடுவது அவர் வழக்கம். சுற்றிலும் வாத்தியங்கள் முழங்கும்போது தன் சுருதியைத் தானே கேட்டுக்கொள்வதற்கான உத்தி அது. பாரியின் குரல் மூச்சுக்காற்று கலந்து மென்மையாக இழைவது. ராபினுடையது கூர்மையாகத் தனித்து ஒலிப்பது. மாரிஸின் குரல் இரண்டுக்கும் இடையே நின்று அவற்றைப் பிணைப்பது. உடன்பிறந்தவர்களின் குரல்களில் உள்ள இயல்பான ஒற்றுமை இம்மூன்றையும் ஒரே ஒலியாக்கியது.

இசை வரலாற்றில் இடம்

பீ ஜீஸ் குழுவின் இசைத்தட்டுகள் உலகெங்கும் 20 கோடிக்கும் மேல் விற்றதாக மதிப்பிடப்படுகிறது. டிஸ்கோவின் பெரும்புகழ் அக்குழுவின் முந்தைய பத்தாண்டை நெடுங்காலம் மறைத்திருந்தது. அதில் அதிகம் மறைந்தது ராபினின் பங்களிப்பு. 'ஒடெசா' தொகுப்பு பிற்காலத்தில் விமர்சகர்களால் மறுமதிப்பீடு செய்யப்பட்டது. 1969-70-ல் தனியாகப் பதிவுசெய்து வெளிவராமல் கிடந்த பாடல்களும் இன்று கேட்கக் கிடைக்கின்றன. குடும்பக்குழு ஒன்றில் தனிக்குரலுக்கு இடம் கேட்டு வெளியேறியவர், பின் கூட்டுக்குரலுக்குள் தன் இடத்தை ஏற்றுத் திரும்பியவர் ராபின் கிப். இன்று அவர் பெரிதும் நினைக்கப்படுவது 'மாசசூசெட்ஸ்', 'ஐ ஸ்டார்ட்டட் எ ஜோக்' போன்ற, இருபது வயதுக்கு முன் அவர் பாடிய பாடல்களுக்காக.